போர்வையில் ஊசி போன வழி

கேள்வி: "ஒட்டுத்துணி வேலை கற்றுக்கொண்டு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் விடுமுறை இருக்கிறது. குவில்ட் எனும் நம் நாட்டு அடுக்குத்துணிப் போர்வைகளையும் கைத்துணிகளையும் அவை பிறக்கும் இடத்திலேயே பார்க்க எங்கே போகலாம்? போனால் எதைக் கவனிக்க வேண்டும், எதை வாங்கலாம்?"

மூன்று இடங்களைச் சொல்வேன். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம், குஜராத்தில் கச்சு, அப்புறம் வங்காளம். மூன்றையும் ஒரே விடுமுறைக்குள் திணிக்க வேண்டாம். ஒரு வாரம்தான் கைவசம் இருக்கிறது என்றால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிப் பாருங்கள். துணி பார்ப்பதற்குக் கோயில் பார்ப்பதைவிட அதிக நேரம் வேண்டும். ஒரே போர்வையைக் காலை வெளிச்சத்தில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை விரித்துப் பார்த்தால்தான் அது எப்படி உருவானது என்று புரியத் தொடங்கும்.

இந்த மூன்று இடங்களைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று ஊர்ப் போர்வைகளிலும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது ஒரே தையல்தான்: ஓடுதையல். தையல் வகுப்பில் முதல் நாள் ரன்னிங் ஸ்டிச் என்று சொல்லித் தருவார்களே, அதேதான். ஊசி மேலே வரும், கீழே போகும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தையல் போர்வையின் மேல் எந்த வழியில் நடக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. உத்தர கன்னடத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியில் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். கச்சின் ரல்லியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடும். வங்காளக் காந்தாவில் உருவங்களைச் சுற்றிக்கொண்டு போகும். நிறமும் வடிவமும் கண்ணை முதலில் இழுக்கத்தான் செய்யும், இழுக்கட்டும். அதற்கப்புறம் விரலால் தடவி, ஊசி போன வழியைப் பிடியுங்கள். தைத்தவர் எந்த மூலையில் உட்கார்ந்தார், துணியை எப்படித் திருப்பினார், எங்கே நூல் தீர்ந்தது, எங்கே துணி பற்றாமல் வேறொன்றைச் சேர்த்தார் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். துணியிலேயே வேலை செய்கிற எனக்கு, பயணங்களில் கிடைத்ததில் மிகவும் பயன்பட்டது இந்தப் பழக்கம்தான்.

முதலில் கவந்தி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து மிகப் பக்கத்தில் இருப்பதும் நம்மில் பலர் கேள்விப்படாததும் இதுதான்.

உத்தர கன்னடத்தில் எல்லாபுரா, ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். போர்ச்சுகீசியர்கள் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பித்து, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினார்கள். இன்று அவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூன்று பேருமே உண்டு. 2003-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் வீட்டுப் பெண்கள் பழைய துணிகளிலிருந்து தைக்கிற போர்வைக்குத்தான் கவந்தி என்று பெயர். வட கர்நாடகத்தில் மற்றவர்கள் தைப்பதைக் கௌதி என்பார்கள்.

கவந்தி தைக்கும் முறை, நாம் வகுப்பில் படிக்கிற பேட்ச்வொர்க் முறைக்கு நேர் எதிரானது. நாம் சின்னத் துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, மேல்பாகத்தை முழுசாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்போம். அவர்களுக்கு இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே வேலை. ஒரு பழைய புடவையைத் தரையில் அடித்துணியாக விரிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் மடித்த துண்டுத்துணியை அதன்மேல் வைத்து, விளிம்பையொட்டி ஓடுதையல் போட்டுக்கொண்டே போகிறார்கள். துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டு. நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் அதற்கு உள்பக்கமாக அடுத்த சுற்று. இப்படியே வந்து நடுவில் முடியும். துணியை மாட்டும் மரச்சட்டமும் கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. பஞ்சும் வைப்பதில்லை, துணியின் அடுக்குகளே கனம் தருகின்றன.

இதனால் ஒரு விஷயம் நடக்கிறது. அடுத்து எந்த நிறம் வரவேண்டும் என்ற முடிவு, முந்தைய துண்டைத் தைத்து முடித்த பிறகே எடுக்கப்படுகிறது. பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் துணிகளில் கையை விட்டு, ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் தள்ளிவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். தைத்துக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாமல் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, ஒரு அம்மா ஒரு மஞ்சள் துண்டை மூன்று இடங்களில் வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஓர் ஓரத்தில் பாதியாக மடித்து வைத்துத் தைத்தார். அந்த ஒரு மஞ்சளால் அந்தப் பக்கம் முழுவதும் நிமிர்ந்தது. ஓவியக் கல்லூரியில் நிறச் சமநிலை என்று பாடம் நடத்துவார்கள். அந்தப் பாடம் முழுவதும் அந்த அம்மாவின் விரல்களில் இருந்தது.

நான்கு மூலைகளையும் கவனியுங்கள். துணியை முக்கோணமாகப் பல மடிப்பு மடித்து, ஒவ்வொரு மூலையிலும் வைத்துத் தைத்திருப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர், பூ என்று அர்த்தம். பூலா இல்லாத கவந்தி முழுமையாகாது, அது வெறும் உடம்போடு இருப்பது மாதிரி என்று சித்திப் பெண்கள் சொல்வதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயன் என்று பார்த்தால் பூலாவுக்கு எந்த வேலையும் இல்லை. உடுத்திக் கிழிந்த துணியில் தைத்து, தரையில் விரித்துப் படுக்கப்போகிற ஒரு பொருளுக்கும் அது வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதைக்கு இந்த நான்கு மடிப்புகள் போதும்.

சில கவந்திகளில் சிலுவையோ பிறையோ இருக்கும், அது குடும்பத்தின் மதத்தைப் பொறுத்தது. குழந்தைக்கு என்று தைத்தவை சின்னதாக, நிறம் அதிகமாக இருக்கும். ஆப்பிரிக்கத் தொடர்பைக் கேட்டவுடன், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த, 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்ட புகழ்பெற்ற குவில்ட்களோடு ஒப்பிட எல்லோருக்கும் கை பரபரக்கும். கண்ணுக்கு ஒற்றுமை தெரிவது உண்மைதான். ஆனால் ஓரத்திலிருந்து உள்ளே வருகிற இந்த முறை கர்நாடகம், மகாராஷ்டிரம் இரண்டிலும் பக்கத்துச் சமூகங்களிடமும் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஆப்பிரிக்க ரத்தத்தின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டாரிடம் கற்ற முறையில் தங்களுடைய நிறத்தையும் பூலாவையும் வைத்து, பார்த்தவுடன் அவர்களுடையது என்று தெரிகிற ஒன்றைச் செய்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் அவர்களுடைய பெருமை கூடத்தான் செய்யும்.

போகும் வழி: ஹுப்பள்ளிவரை ரயில், அங்கிருந்து ஹளியாளுக்கோ எல்லாபுராவுக்கோ பேருந்து. மழைக்காலத்தில் போகாதீர்கள். அங்கே மழை என்றால் மழை. டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். இன்னொன்று முக்கியம். இது சுற்றுலா இடம் கிடையாது, மக்கள் குடியிருக்கும் கிராமம். கேமராவோடு நேராகப் போய் வீட்டு வாசலில் நிற்காதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் இவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார். அவர் துணையோடு 2004-ல் பெண்கள் ஒரு கூட்டுறவுக் குழுவும் தொடங்கினார்கள். இப்போதும் சில குழுக்கள் கவந்தி தைத்து விற்கின்றன. அப்படி ஒரு குழுவோடு முன்கூட்டியே பேசி, நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கச்சு. இங்கே போர்வை மட்டுமல்ல, துணிக்கே ஒரு முழு உலகம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு எதையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். புஜ் நகரில் தங்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரல்லி என்பது கச்சுக்கு மட்டும் சொந்தமானதில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் சிந்து மாகாணம், இந்தப்பக்கம் கச்சு, மேற்கு ராஜஸ்தான் என்று பாலைவனம் பரந்த இடமெல்லாம் பரவியிருக்கிறது. இதில் மேல்பாகத்துக்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. சதுரமும் முக்கோணமுமாகத் துண்டுகளை இணைப்பது ஒன்று. இன்னொன்று அப்ளிக்: ஒரு துணியை நான்காக, எட்டாக மடித்து, கத்தரியால் வெட்டிப் பிரித்தால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் வரும். அதை வேறு நிறத் துணியின்மேல் வைத்து, விளிம்பை ஊசி நுனியால் உள்ளே மடித்து மடித்துத் தைப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொம்பை தைப்பவர்களைப் பார்த்திருந்தால், துணிமேல் துணி வைத்துத் தைக்கும் இந்தக் கைவேலை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

மேல்பாகம் முடிந்ததும் பழைய துணி அடுக்குகளை நடுவில் வைத்து, பாயில் விரித்து, தடித்த நூலால் நேர்வரிசையாக ஓடுதையல் போடுகிறார்கள். மேலே எத்தனை சதுரம், எத்தனை பூ இருந்தாலும் இந்த வரிசை எதற்கும் வளைந்து கொடுக்காது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லாவற்றின் மேலும் நேராக ஏறி இறங்கிப் போகும். வடிவம் ஒரு பக்கம் இழுக்க, தையல் வரிசை இன்னொரு பக்கம் இழுக்க, அந்தத் துணியில் ஒரு துடிப்பு வருகிறது. அச்சிட்ட படத்தில் இது துளியும் தெரியாது. நேரில், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். சாமி என்றும் ஜோகி என்றும் அழைக்கப்படும் நாடோடி மக்கள் செய்யும் ரல்லிகளில் துண்டுத்துணி வேலையைவிடத் தையலே மேலோங்கி இருக்கும். பலநிற நூலால் துணியே தெரியாத அளவுக்கு நெருக்கித் தைத்திருப்பார்கள். எங்காவது ஒன்றைக் கண்டால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் முன்னால் உட்காருங்கள்.

கச்சில் வீடுகளுக்குள் அழைத்தால், மடித்து அடுக்கி வைத்திருக்கும் போர்வைக் குவியலைப் பார்ப்பீர்கள். குஜராத்தில் இதற்கென்றே மரத்தில் ஒரு பீடம் உண்டு. விருந்தாளிக்கு விரிப்பதற்கும், பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதற்கும் சேர்த்து வைப்பது. "எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர்களாகவே ஒன்றை இழுத்து விரிப்பார்கள், அதுவே போதும்.

பூத்தையல் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 1971 போரை ஒட்டிச் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கரிலிருந்து வந்து குடியேறிய சோடா, மேக்வால் குடும்பங்கள் சூஃப் என்ற பூத்தையலைக் கொண்டுவந்தார்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து, பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணி, எந்தக் கோடும் வரையாமல் தைப்பது. தைப்பவருக்கு எதிரே இருப்பது பின்பக்கம், முகப்பு அந்தப்பக்கம் தானாக உருவாகிறது. ஒரு துண்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பாருங்கள், நம்பவே முடியாது. தேபரியா ராபாரி சமூகத்தின் கதை வேறு. மணப்பெண் சீருக்கான பூத்தையலை முடிக்க ஆண்டுக்கணக்காகிக் கல்யாணங்கள் தள்ளிப்போகின்றன என்று, 1995-ல் சமூகப் பெரியவர்கள் பூத்தையல் உடைக்கே தடை போட்டுவிட்டார்கள். பெண்கள் கைகட்டி உட்காரவில்லை. கடையில் கிடைக்கும் ரிப்பன், சரிகைப் பட்டை, மிஷின் அப்ளிக் இவற்றை வைத்து வேறொரு அழகை உருவாக்கிக்கொண்டார்கள். "இது பழையது இல்லையே" என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கை தன் வேலையை எப்படி விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் துணியை நான் பார்த்ததில்லை.

இப்போது அஜ்ரக் என்ற அச்சுத்துணி. போர்வை அல்ல, ஆனால் கச்சுக்குப் போய் இதைப் பார்க்காமல் வரக்கூடாது. புஜ்ஜிலிருந்து கிட்டத்தட்ட 15 கி.மீ. தூரத்தில் அஜ்ரக்பூர் இருக்கிறது. அந்த ஊருக்கு வயது அதிகமில்லை. கத்ரி சமூகத்து அச்சுக்காரர்கள் அதற்கு முன் தமட்கா கிராமத்தில் இருந்தார்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அந்த ஊர் இடிந்தது. அங்கே நிலத்தடி நீரும் மாறி, இரும்புச் சத்து கூடிவிட்டது. அஜ்ரக்குக்கு அது ஆகாது. கடுக்காய் தோய்ந்த துணியில் இரும்பு பட்டால் கறுத்துவிடும், சிவப்பு மங்கிவிடும். அதனால் நல்ல தண்ணீர் தேடி வந்து புதிதாக ஓர் ஊரையே எழுப்பினார்கள்.

துணியை முதலில் ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து வெளுப்பார்கள். அப்புறம் கடுக்காய்ச் சாறு. துணி இளமஞ்சளாகும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையை மரக்கட்டையால் அச்சிடுவார்கள். கறுப்புக்கு, இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் ஊறவைத்து, புளியங்கொட்டை மாவால் குழைத்த கலவை. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கலவை. பிறகு அவுரி நீலத்தில் முக்கி, ஆற்றி, அலசி, கடைசியில் மஞ்சிட்டி போன்ற சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். பதினான்கு, பதினாறு படிகள் என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். கடுக்காய், படிகாரம் இரண்டையும் கேட்டவுடன் நம் சோழமண்டலக் கரைத் துணிகள் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் சரிதான். அங்கே மஞ்சிட்டிக்குப் பதில் சாயவேர், மற்றபடி துணி சிவப்பாகும் ரசாயனம் ஒன்றேதான். எகிப்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் கிடைத்த குஜராத் அச்சுத்துணித் துண்டுகள், இந்த வேலை நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டிப் போனதற்குச் சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அவை பெரிய தொகுப்பாக இருக்கின்றன.

அஜ்ரக் வாங்கும்போது கட்டை மாறிய இடங்களைத் தேடுங்கள். கையால் அச்சிட்டதில் ஒரு கட்டை முடிந்து அடுத்த கட்டை தொடங்கும் இடத்தில் ஒரு இழை முன்னோ பின்னோ இருக்கும். கோடுகள் சில இடங்களில் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்கிரீன் பிரின்ட்டில் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். இரண்டு பக்கமும் அச்சிட்ட அஜ்ரக்கும் உண்டு. இரு பக்கக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அச்சிடுவது அசாத்தியமான கைத்திறன், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அஜ்ரக்பூரிலேயே எல்.எல்.டி.சி. என்ற கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. 1969 வறட்சியின்போது பெண்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சந்தாபென் ஷ்ராஃப் தொடங்கிய ஸ்ருஜன் அமைப்பு உருவாக்கியது. கச்சின் பூத்தையல் வகைகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். கிராமங்களுக்குப் போவதற்கு முன்பே இங்கே போய்விடுங்கள், அப்போது கிராமத்தில் பார்ப்பது எதுவென்று கண்ணுக்குப் பிடிபடும். குக்மாவில் கமீர், சும்ராசரில் கலா ரக்ஷா என்ற கைவினை அமைப்புகள், புஜோடியில் நெசவாளர் வீடுகள் என்று எல்லாம் புஜ்ஜைச் சுற்றியே இருக்கின்றன. புஜோடியில் காலா பருத்தித் துணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மழையை மட்டும் நம்பி வளரும் குட்டை இழைப் பருத்தி அது. புதிதாக இருக்கும்போது முரடாகத் தெரியும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். நான் அடித்துணிக்கு இதைத்தான் விரும்பி எடுக்கிறேன், ஊசி தடையில்லாமல் இறங்கும். வழியில் அகமதாபாதில் இறங்கினால் 1949-ல் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள், படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பென்சிலும் நோட்டும் எடுத்துப்போங்கள்.

வங்காளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காந்தாவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பழைய வேட்டி, புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நிற நூலாலேயே தைப்பது பழைய முறை. நம் வீட்டில் அம்மாவின் பழைய நூல்புடவையில் தூளி கட்டுவோம் இல்லையா, அங்கே பிறக்கப்போகிற குழந்தைக்குப் பழைய புடவையில் காந்தா தைப்பார்கள். பலமுறை துவைத்த துணியின் மென்மை இரண்டு இடத்திலும் தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்தும் கனமான லேப், முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றிவைக்கும் சின்ன ஆர்ஷிலதா என்று பயனுக்கு ஒரு பெயர். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் உள்நோக்கிச் சாய்ந்த மரமோ மாங்காயோ, இடையில் யானை, பல்லக்கு, மீன் என்று எதுவும் வரலாம். உங்கள் கண் போகவேண்டியது உருவங்களுக்கு இடையில் உள்ள வெள்ளைப் பரப்புக்கு. அங்கே வெள்ளைமேல் வெள்ளை நூலால் உருவத்தின் வெளிக்கோட்டைச் சுற்றிச் சுற்றித் தைத்திருப்பார்கள். குளத்தில் கல் எறிந்தால் அலை விரிவதுபோல, துணி அங்கே மெல்லச் சுருங்கி விரிந்து கிடக்கும். எல்லோரும் யானையைப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். எனக்குக் காந்தா என்றால் இந்த வெள்ளைதான்.

கொல்கத்தாவில் ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் பழைய காந்தாக்கள் இருக்கின்றன. அதிகாரியாக ஊர் ஊராகப் போன குருசதய் தத் திரட்டியவை. மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்து, தன் பெயரையும் தைத்துவைத்த காந்தா அங்கேதான் இருக்கிறது. போர்வை தைத்த ஆயிரக்கணக்கான பெண்களில் பெயர் மிஞ்சியவர்கள் சிலரே என்பதால், அதன் முன்னால் நிற்பது எனக்குத் தனி நிறைவு. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சாந்திநிகேதன் பக்கம் விற்கும் காந்தாப் புடவை வேறு வகை. புதிய பட்டின்மேல் ஒற்றை அடுக்கில் செய்யும் பூத்தையல் அது. அழகுதான், ஆனால் அடுக்குப் போர்வையைத் தேடிப் போகிற உங்களுக்கு அது விடை ஆகாது. வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இன்னொரு கிளையும் உண்டு: 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர்களுக்காக வங்காளத்தில் மஞ்சள் டஸ்ஸர் பட்டு நூலால் தைத்து அனுப்பிய பெரிய கோல்சா விரிப்புகள். அவற்றில் சில லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வாங்குவது பற்றி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். போர்வை 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். தையல் வரிசைகளுக்கு நடுவே அரை செ.மீ. இடைவெளி என்றால் 300 வரிசை, ஒவ்வொன்றும் 2 மீட்டர், மொத்தம் 600 மீட்டர் ஓடுதையல். ஒரு தையல் மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ. என்றால் ஒரு லட்சம் தையல். பழைய துணி அடுக்குகளுக்குள் ஒரு லட்சம் தடவை ஊசியை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். நீங்களும் தைப்பவர், ஒரு மணி நேரத்தில் உங்களால் எவ்வளவு முடியும் என்று தெரியும். கடையில் விலை சொன்னவுடன் இந்தக் கணக்கு நினைவுக்கு வரட்டும். தைத்தவரிடமே நேரடியாக வாங்கும்போது நான் பேரம் பேசுவதில்லை. கையில் பணம் பற்றவில்லை என்றால் சின்னதாக ஒன்றை வாங்குங்கள், குழந்தைப் போர்வையோ தலையணை உறையோ.

சுற்றுலா இடங்களில் 'காந்தா' என்று பெயர் போட்டு அடுக்கி வைத்திருக்கும் மலிவான போர்வைகளில் வரிசைகள் விரற்கடை அகலத்துக்கு விலகியிருக்கும், தையலும் நீளமாக இருக்கும். அவையும் கையால் தைத்தவையாக இருக்கலாம், ஆனால் அவசரக் கூலிக்குத் தைத்தவை. கைத்தையலா மிஷினா என்று சந்தேகம் வந்தால் திருப்பிப் பாருங்கள். மிஷின் தையலில் தையலுக்குத் தையல் இடைவெளியே இருக்காது, இரண்டு நூல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தொடர்கோடாகப் போகும். கை ஓடுதையலில் ஒரு தையல், ஒரு வெளி, ஒரு தையல், ஒரு வெளி. பழையது என்று சொல்லி விற்றால் மடிப்புக்கோடுகளைப் பாருங்கள். உண்மையில் புழங்கிய போர்வையில் ஓரமும் தலைமாட்டுப் பக்கமும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே அளவு வெளுத்திருக்கும்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்த வடிவத்தை ஊருக்கு வந்து அப்படியே தைத்து உங்கள் பெயரில் வைக்காதீர்கள். முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஓரத்திலிருந்து உள்ளே வருவது, நேர்வரிசை, உருவத்தைச் சுற்றுவது எல்லாம் யாரும் பயிலலாம். கூடவே உங்கள் சொந்த வேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மொழி தெரியாத வீட்டில் உட்கார்ந்து நீங்களும் ஊசியை எடுத்தால், உடனே நாலு பேர் சூழ்ந்துகொண்டு உங்கள் தையலைத் தடவிப் பார்த்துத் திருத்துவார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த அளவுக்குக் கற்க முடியாது.

வாங்கி வந்த பிறகு: பூந்திக்கொட்டை நீரில் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து மெதுவாக அலசுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே பழைய துணி கிழியும், நிழலில் பாயின்மேல் பரப்பிக் காயவையுங்கள். அஜ்ரக்கை முதல் சில தடவை தனியாக அலசுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காமல், வெள்ளை நூல்வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள், மடிப்பில்தான் துணி முதலில் இற்றுப்போகும். அந்துருண்டை துணிமேல் நேராகப் படக்கூடாது. புழங்குகிற கவந்தியோ ரல்லியோ கிழிந்தால் தயங்காமல் மேலே ஒரு துண்டை வைத்து, பக்கத்தில் இருக்கும் தையல் எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் ஓடுதையல் போடுங்கள். தைத்தவர்களும் அப்படித்தான் செய்வார்கள். மிகவும் பழைய காந்தா கையில் கிடைத்தால் மட்டும் நீங்களாகத் தைக்க வேண்டாம், துணிப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.